வழிச்ச தரை

ஸ்டூலு வேண்டாமுங்க சார், நான் நின்னுக்கறேன். ஒரு மாசத்துக்கு முந்தி நான் குடுத்த மண்ணாங்கட்டிய அறுத்துட்டீங்கன்னாங்க. அதான் கூடைய வச்சுப்போட்டு ஓடியாந்தேன்.

மேட்டுல தோண்டுனது இல்லீங்க, எங்கூட்டு மண்ணு. சிரிக்காதீங்க! இந்த நத்தமேட்டுல அஞ்சு மாசமா மண்ணு சொமக்கற இந்தக் கமலாத்தாளுக்கு ஒரு உபகாரம் பண்ணக்கூடாதுங்களா?

இங்க பழைய பட்டணம் இருந்துதுன்னு நீங்கதானுங்களே காட்டுனீங்க. தரையக் கட்டியா எடுத்து, பசையில ஊறப்போட்டு, வெங்காயத் தோலாட்டம் தேச்சு, பூதக்கண்ணாடிக்கு அடியில வச்சீங்க. கோடு கோடா இருந்துச்சு. இந்த ஊட்டுக்காரி அறுவது தடவ சாணி போட்டு வழிச்சிருக்கான்னீங்க. அடுப்புச் சாம்பலு, மீன் செதிலு, ஆளு நடமாடி இறுகுன மண்ணு, அத்தனையும் இருந்துதே. ஆயிரம் வருசத்துக்கு முந்தி எவளோ மிதிச்சதே இருக்கறப்ப, எம்புள்ள மிதிச்சது இருக்காதுங்களா?

மயிலாத்தாளுங்க. நாலு வயசு. போன பங்குனியில ஆத்தா போட்டு, அம்மை முத்தி ஒம்பதாம் நாளு போயிட்டா. போட்டோவெல்லாம் நாங்க எங்கீங்க புடிச்சோம்? இருந்த ஒரு சட்டையவும் எரிச்சாச்சு. அவ இருந்தாங்கறதுக்கு ஒரு அடையாளம் வேணுமுங்க சார், எள்ளுத்தண்டி இருந்தாலும் போதும்.

கண்ணாடியில பாருங்க, பாருங்க. நான் வாயத் தொறக்கலே.

என்னங்க? ராகி உமியும் சாம்பலுந்தானுங்களா? நல்லாப் பாருங்க சார். ஆரும் நடமாடாத மண்ணுன்னா என்னங்க அர்த்தம்?

வேற எடத்துல எங்கீங்க எடுக்கறது? தரைய வழிச்சுட்டேன்னு கட்டியக் குடுத்த அன்னைக்கே சொன்னனே. சாணி போட்டுத்தான் வழிச்சேன்னு நெனச்சுட்டீங்களாக்கும். உங்க எர்ணாகொளத்துப் பக்கம் இந்தப் பேச்சு இல்ல, நீங்க என்ன பண்ணுவீங்க. மம்பட்டியில வழிச்சனுங்க. மத்த ரெண்டு புள்ளைகளுக்கும் ஒட்டிக்குமின்னு பயந்து, நாலு வெரக்கட ஆழத்துக்கு வழிச்சு, கூடை கூடையா ஆத்துல கொட்டுனேன். ஆரும் சொல்லிச் செய்யலீங்க, நானேதான்.

ஆட்டாங்கல்ல மட்டும் என்னால அசைக்க முடியல. நீங்க சொன்னதக் கேட்டப்பறந்தான் எங்கண்ணனக் கூட்டியாந்து கடப்பாறையில நெம்பச் சொன்னேன். ஊட்டுல பழைய மண்ணுன்னு அந்த ஒரு எடந்தான் மிச்சம். இது அங்க எடுத்ததுங்க.

கல்லு நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அங்கதான் கெடந்துச்சு. அதுக்கடியில புள்ள எப்படீங்க நடந்திருப்பா? இத்தன நாளா எனக்கு இது தோணவே இல்ல பாருங்க.

போயிட்டு வாரனுங்க சார். மண்ணு அள்ளோணும்.