மாரிக்கனிக்குத் துண்டு போட்ட சீட்டு

உக்காருங்கக்கா, தாராளமா உக்காருங்க. ஆள் வராது, அதான் துண்ட எடுத்துட்டேன்ல. எங்கூட வேலை பாக்குற மாரிக்கனிக்குன்னு போட்டு வச்ச சீட்டு. அவ மகளுக்கு அம்மை பாத்துருச்சாம், இப்பத்தான் அவ வீட்டுக்காரரு பஸ்டாண்டுக்கு ஓடியாந்து சொல்லிட்டுப் போறாரு. அம்மை கண்ட வீட்டுலருந்து அவ எங்கிட்டு வெளிய வர, பாவம். அந்தப் பைய இங்கிட்டுக் குடுங்க, என் காலுக்கடியில வச்சுக்கிறேன். முறுக்கா? மக வீட்டுக்கா? திருச்சுழியிலருந்து ஒரு பஸ்ஸு ஏறி, இதுல மாறி ஏறுனீகளா. அப்ப நம்ம பக்கத்து ஆளுதான் நீங்க.

நானும் மதுரைக்குத்தான். பதினோரு மணிக்கு ஒரு எடத்துல நிக்கணும். மாரிக்கனியும் கூட நிக்கணும், அவ இல்லாட்டி நடக்காதுன்னு நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். சரி, பாப்போம். ஏங்கா, பூவு கொஞ்சம் ஜாஸ்தியா வச்சிருக்கேனா? இல்லைல? எங்க அண்ணன் பொண்டாட்டி காலையில ஒரு மாதிரி பாத்தாக. கோயிலுக்குன்னு சொல்லிட்டேன்.

இந்தப் பையா? அட, இங்கிலீசுல இருக்கிறத டக்குன்னு படிச்சிட்டீக. பால்வாடி டீச்சரா, அதான. ஆமாக்கா, எக்ஸிபிஷன்ல குடுத்ததுதான். மெட்ராஸுல. பொருளப் பையில அடைக்கிறது, டப்பாவுல அடைக்கிறது, அதுக்குன்னே மூணு நாளு எக்ஸிபிஷன். உங்க தம்பியும் போகணும்ங்கிறாரா? கடலைமிட்டாய் போடுறாரா? அப்பக் கட்டாயம் போகச் சொல்லுங்க. என்ன இருக்கும் ஏது இருக்கும்னு நான் சொல்றேன், அப்படியே போயிச் சொல்லுங்க. எனக்கு இன்னைக்கு வாய் நிக்காது, நீங்களா வந்து மாட்டிக்கிட்டீக.

மொத விசயம், புதுச்செருப்புப் போட்டுக்கிட்டுப் போகக்கூடாது. நடந்து முடியாது. பெரிய கொட்டகைக்கா, உள்ள ஏசி, வரிசை வரிசையாக் கடை. வாசல்லயே பேரு, கம்பெனி பேரு எல்லாம் கேட்டு எழுதி, ஒரு அட்டையில போட்டு நம்ம மேல குத்தி விட்ருவாக. சௌந்தரம், அருப்புக்கோட்டைன்னு என் நெஞ்சுல குத்தியிருந்துச்சு. நாப்பது வயசு வரைக்கும் என் பேர எழுதி எவரும் எங்கயும் குத்துனதில்ல. தொணைக்கு வந்த மாரிக்கனிக்கும் ஒண்ணு குத்துனாக. அவ அதக் கழட்டவே இல்ல, அட்டையக் குத்துன மேனிக்கே ரயில்ல தூங்குனா.

போயிட்டா கடைக்குக் கடை கூப்புடுவாக. வாங்க மேடம் வாங்க மேடம்னு. மேடம்னு என்னையத்தான் கூப்புடுறாகன்னு தெரியவே எனக்கு நாலு கடை ஆச்சு. விசிட்டிங் கார்டு குடுங்கம்பாக. நமக்கு ஏது கார்டு? நான் ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலம் மல்லிப்பொடி குடுத்தேன். மோந்து பாத்துட்டுச் சிரிச்சாக. அவுக பதிலுக்குப் பை குடுப்பாக, காலண்டர் குடுப்பாக, பேனா குடுப்பாக. பதினோரு பேனா வந்துச்சுக்கா எனக்கு. பத்து எழுதாது.

ஒரு எடத்துல அட்டைப்பொட்டிக்குப் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குற மெஷினு. நாள் பூராம் ஒரே வெறும் பொட்டிய இறுக்குறான், வெட்டுறான், மறுபடி இறுக்குறான். மாரிக்கனி பொறுக்கமாட்டாம, ஏய்யா உள்ள எதாச்சும் வச்சுத்தான் கட்டேன்னு சொல்லிட்டா. இன்னொரு எடத்துல சூடு காட்டுனா தாளு சுருங்கி ஒட்டிக்கிற மெஷினு. ஒரு தேங்காயக் குடுத்தா இந்தப்பக்கம் போயி அந்தப்பக்கம் கண்ணாடி சட்ட போட்டுக்கிட்டு வருது. எங்க அண்ணனுக்குன்னு ஒரு தேங்காயி வாங்கியாந்தேன். அதச் சாமிக்கு ஒடைக்கலாமா கூடாதான்னு எங்க வீட்டுல ஒரு வாரம் சண்டை.

ஆமா, அண்ணன்தான் போகவேண்டியது. தனுஷ்கோடின்னு, பாளையம்பட்டியில மசாலாப்பொடி யாவாரம், கேட்டா எல்லாருக்கும் தெரியும். டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு, கெளம்புற அன்னைக்கு மஞ்சக்காமாலை. சரி, பொடியப் பத்தித் தெரிஞ்சவ நீதான, நீ போ, மெஷினப் பாரு, வெலைப் பேப்பர வாங்கு, யாருகிட்டயும் பேசாதன்னு சொல்லி அனுப்புனாரு. இருபது வருசமாப் பொடி ரூமுல கெடந்தவளுக்கு அப்பத்தான் மெட்ராஸு. கையில மூணு கிலோ வத்தப்பொடி எடுத்துக்கிட்டேன். நம்ம கரிசக்காட்டு முண்டு மொளகா வத்தல், தெரியும்ல உங்களுக்கு.

அதத்தான் சொல்ல வாரேன். பாத்துக்கங்க, அங்க எல்லா மெஷினுலயும் சீனியப் போட்டுத்தான் ஓட்டிக் காட்டுவாக, இல்லாட்டி உப்பு. சீனி சொன்ன பேச்சு கேக்கும். பொடி கேக்காது. அதனால உங்க தம்பியக் கடலைமிட்டாயைக் கொண்டுபோயி அதப் போட்டு ஓட்டிக் காட்டுன்னு கேக்கச் சொல்லுங்க. கேட்டா மாட்டேம்பாக, விடக்கூடாது. நான் ஒரு ஏழெட்டுக் கடையில கேட்டேன், எல்லாரும் நழுவிட்டாக. கடைசியா மூலையில ஒரு சின்னக் கடை. ஒரே மேசை, ஒரே மெஷினு, ஒரே ஆளு. சின்னச்சாமின்னு பேரு. சொந்தமா லேத்து வச்சு, கையால செஞ்ச மெஷினாம். எந்த ஊருன்னு கேட்டா, மதுரைக்குப் பக்கத்துல கப்பலூருங்கிறாரு. சொல்லுங்கக்கா, இந்த பஸ்ஸுல ஒரு மணி நேரத்துல பாக்கவேண்டிய ஆளப் பாக்க ராப்பூராம் ரயில்ல போயிருக்கேன்.

சின்னச்சாமி மட்டும் யோசிக்கவே இல்ல. குடுங்கன்னு வாங்கிக் கொட்டிட்டாரு. அந்த மெஷினு எப்படின்னா, மேல கூம்புல பொடி, கீழ தாளு தானா மடிஞ்சு பையா வரும். பை வாயத் தொறக்கக் காத்து ஒண்ணு புஸ்ஸுன்னு அடிக்கும். சீனின்னா பரவால்ல. இது வத்தப்பொடியில்ல. மொதப் பைக்கே அம்புட்டும் மேல எந்திரிச்சுச்சு பாருங்க, செக்கச்செவேல்னு. அதை அந்த ஏசி வாங்கி, கொட்டகை பூராம் பங்கு வச்சிருச்சு.

ஐயோ சிரிக்காதீகக்கா, எனக்கும் வந்துரும். கோட்டுப் போட்டவுக தும்முறாக. பட்டுச்சேலையில வரிசையா நின்ன பிள்ளைக தும்முதுக. வெள்ளக்காரரு ஒருத்தரு, பாவம், தேங்காயக் கையில வச்சுக்கிட்டே தும்முறாரு. மைக்குல ஒருத்தன் பொடி கொண்டாந்தவங்க ஆபீசுக்கு வரவும்னு சொல்லத் தொடங்குனான், முடிக்கல, அவனுக்கும் தும்மலு. முக்காவாசி ஆளு வாசலுக்கு ஓடிட்டாக. மாரிக்கனி என் கையப் புடிச்சு வாக்கா ஓடிருவோம்ங்கிறா. நான் ஓடல. அவமானத்துல அப்படியே நிக்கிறேன். அண்ணன் சொன்னாரே, பேசாதேன்னு சொன்னாரேன்னு அதேதான் மண்டைக்குள்ள ஓடுது.

அப்ப இந்தச் சின்னச்சாமி, மூஞ்சி பூராம் செவந்து, கண்ணுலருந்து தண்ணி தாரை தாரையா ஊத்துது, நெதானமா சுச்ச அமத்திட்டு, தோள்ல கெடந்த துண்ட நனைச்சு எங்கிட்ட நீட்டி, ஒண்ணு சொன்னாரு. பொடி அருமையா இருக்குங்க, குத்தம் என் மெஷினுலதான் இருக்கு, மூணு மாசம் குடுங்க சரி பண்ணிர்றேன்.

அம்புட்டுத்தான். எனக்கு வயசு நாப்பது அப்ப. பொடி கரிச்சா என்னையத்தான் சொல்லுவாக, வத்தல் ஈரமா வந்தா என்னையத்தான் சொல்லுவாக, பொண்ணு பாக்க வந்தவுக திரும்பி வரலைன்னாலும் என்னையத்தான். குத்தம் எங்கிட்ட இருக்குன்னு ஒரு ஆம்பள சொல்லி நான் கேட்டதில்லக்கா. மெய்யாச் சொல்றேன், பொடியால வந்த கண்ணீரு பாதி, இது பாதி.

காரியாபட்டி வந்துருச்சு. டீ எதும் வேணுமாக்கா? வேணாமா. மகளுக்கு நீங்க எத்தன மணிக்கு வாரேன்னு சொல்லியிருக்கீக? சும்மாத்தான் கேட்டேன்.

சொன்ன மாதிரி மூணே மாசந்தான். காத்துக்குப் பதிலா ரெண்டு தகட வச்சுப் பை வாயப் பிரிக்கிற மாதிரி மாத்திட்டாரு. ஒரு பொட்டுப் பொடி வெளிய வராது. எங்க ரூமுல கொண்டாந்து மாட்டிக் குடுத்தாரு. வேலை பாத்த புள்ளைகளக் கழிக்கவும் இல்ல, அம்புட்டுக்கு யாவாரம் ஏறிப்போச்சு. ஆனா பாருங்க, மாட்டி முடிச்ச பொறகும் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சின்னச்சாமி வருவாரு. ஒரு நட்டு லூசாயிருச்சும்பேன், வந்து முடுக்குவாரு. அண்ணனுக்கு ஆச்சரியம். இந்த மெஷினுக்கு என்னதான் சீக்கு, இப்படி நட்டு கழலுதேம்பாரு. கழலாம என்ன செய்யும், ஸ்பேனர் வச்சுக் கழட்டுறது நாந்தான. அவருக்கும் தெரியும். ஒரு வருசமா அந்த ஒரே நட்டத்தான் முடுக்குறாரு, ஒரு வார்த்தை கேட்டதில்ல.

சித்திரையில ஒருநா, முடுக்கி முடிச்சு கையத் தொடச்சுக்கிட்டே, உங்களுக்கு இஷ்டம்னா கட்டிக்கிருவோம்னாரு. அவ்வளவு லேசா. பொண்டாட்டி செத்து ஒம்பது வருசமாம், புள்ளகுட்டி இல்ல, வேற சாதி ஆளுதான் அவரு, எல்லாத்தையும் மறைக்காம சொல்லிட்டாரு. அண்ணன்கிட்ட மெல்லச் சொல்லிப் பாத்தேன். அண்ணன் வையலக்கா. வஞ்சிருந்தாக்கூட பரவால்ல. சிரிச்சாரு. நாப்பத்தியோரு வயசுல உனக்கென்ன கூத்து, நீ போயிட்டா பொடி ரூம யாரு பாக்குறதுன்னாரு. என்னைய யாரு பாக்குறதுன்னு அவருக்குத் தோணவே இல்ல. அன்னைக்கு ஒரு அழுக, அதோட சரி. இனிமே அழுகுறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

என்ன, சின்னச்சாமி சின்னச்சாமின்னு பேரையே சொல்றாளேன்னு பாக்குறீகளா? பதினோரு மணிக்கு மேல வாயில சொல்ல முடியாதுல்லக்கா. அதான் காலையிலருந்து ஆச தீரச் சொல்லிக்கிறேன்.

ஆமா. அதேதான். ரிஜிஸ்டர் ஆபீசுல. ஒரு மாசத்துக்கு முந்தியே நோட்டீஸு ஒட்டியாச்சு, அங்கயும் ஒட்டியிருக்கு, நம்ம பக்கத்து ஆபீசுலயும் ஒட்டியிருக்கு. பத்திரம் எழுதுற ஐயாத்துரைன்னு எங்க அண்ணன் கூட்டாளி, அந்த நோட்டீஸுக்கு நேர் கீழதான் நாக்காலி போட்டு உக்காந்திருக்காரு. முப்பது நாளுல ஒருநா தலையத் தூக்கிப் பாக்கல. நான் தினமும் அந்த வழியாப் போயிப் பாத்துட்டுத்தான் வருவேன், பயமாவும் இருக்கும், சிரிப்பாவும் வரும். ஓடிப்போறேன்னு நெனைக்காதீக. நாளைக்கு ரெண்டு பேருமா பாளையம்பட்டிக்கு வந்து அண்ணன் முன்னால நிப்போம். பொடி ரூமுக்கும் நான் வருவேன், சம்பளத்துக்கு.

இம்புட்டும் ஏன் சொல்றேன்னா, சாட்சிக்கு மூணு கையெழுத்து வேணும்கா. அவுக தங்கச்சி ஒண்ணு, லேத்துல அவுக கூட வேலை பாக்குறவரு ஒண்ணு. மூணாவதுக்கும் அவுகளே ஆளு பாக்குறேன்னாக. நாந்தான் ஒத்தக்காலுல நின்னேன். என் பக்கத்துலருந்து ஒரு ஆளாவது வேணும், எம்மண்ணுலருந்து ஒருத்தி வந்து எனக்காகக் கையெழுத்துப் போடணும்னு. அந்த ஒருத்தி மாரிக்கனி. அம்மை பாத்துருச்சு, ஆத்தாள என்ன சொல்ல முடியும். துண்ட எடுக்கமாட்டாம எடுத்தேன், நீங்க வந்து உக்காந்துட்டீக.

மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லிருங்கக்கா, கோவிச்சுக்கிற மாட்டேன். அரை மணி நேரத்து வேலைதான். மக வீடு வரைக்கும் அவுகளே ஆட்டோ வச்சு விட்ருவாக. வலையங்குளம் தாண்டியாச்சு, யோசிக்க இன்னும் நேரம் இருக்கு. நான் ஒண்ணும் பேசல. இந்தா, வாய மூடிக்கிட்டேன்.

என்னக்கா, காலுக்கடியில பையத் தொழாவுறீக? முறுக்கு அப்படியே இருக்கு. ம்? பேனாவா?

வேணாங்கா. எங்கிட்ட இருக்கு. பதினொண்ணுல பத்து எழுதாதுன்னு சொன்னேன்ல, அந்தப் பதினொண்ணாவது இதுதான்.