வாசலில் நின்று கேட்பவன்

அந்தப் புத்தகத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், காதியார் அவர்களே. முதல் தடவை, என் மகள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க. இரண்டாவது தடவை, கதை நன்றாக இருந்ததால்.

என் மனைவி கைருன்னிஸா உங்கள் காதி நீதிமன்றத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். அதற்கு மறுமொழி சொல்ல வந்திருக்கிறேன். கதிரை வேண்டாம், நின்றே சொல்கிறேன். எங்கள் குடும்பத்தார் முதுகு வளைத்துப் பதில் சொல்லிப் பழகியவர்கள் அல்ல.

அது மெட்ராஸில் அச்சான மலிவு நாவல். சமயப் பாடப் புத்தகத்தின் உறையைப் போட்டு, மருதமுனை முதல் நிந்தவூர் வரை குமருப் பிள்ளைகள் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகன் ஓர் இரத்தக் காட்டேரி. வெள்ளைக்காரன், வயது முந்நூறு, பெண்ணின் கழுத்தைப் பார்த்தே காதலிக்கிறவன்.

அவனையும் ஒரு மாப்பிள்ளையாக வைத்து நான் நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். தொழுகை இல்லை. எந்த வம்சம் என்று விசாரிக்க ஆளில்லை. ஆனால் சீதனம் கேட்கவில்லை. நாங்கள் பெண்ணுக்கு வீடு கட்டி, மாப்பிள்ளையை அதற்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவனுக்கோ சொந்தமாகக் கோட்டை இருக்கிறது. சோறு கறி குறை சொல்லமாட்டான். பகல் முழுவதும் தூங்குகிறான், அதில் எங்கள் ஊர் மருமக்களுக்கும் அவனுக்கும் வித்தியாசம் கிடையாது.

பிள்ளைகளுக்கு அவனில் எது பிடித்தது என்பது ஒருநாள் குசினிப் பக்கம் போனபோதுதான் விளங்கியது. என் மகள் நதீராவும் அவளுடைய மச்சாள் றாஹிலாவும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

“ரெத்தம் குடிக்கிறவன்கா அவன்,” என்றாள் றாஹிலா.

“ஓம். கேட்டுட்டுத்தானே குடிக்கிறான்.”

“ஒனக்குப் பைத்தியம்.”

“இஞ்ச பாருகா. அவன்ட பலத்துக்குக் கதவ ஒடைக்கேலாதா? ஆனா அவள் வாங்கண்டு சொல்லாம நிலைப்படியத் தாண்ட மாட்டான். மழைக்குள்ள நிக்கிறான். நம்மட ஊரில எந்த மாப்பிள்ள அப்பிடி நிப்பான்?”

“ஷரிபுதீன் மச்சான் நிக்க மாட்டாருகா. அவருக்குச் சளி.”

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அரிசி ஆலை ஷரிபுதீனுக்கு நதீராவைத் தருவதாக நான் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். நாற்பது தாண்டியவர், மனைவியை இழந்தவர், நல்ல குடும்பம். என் வாக்கு அதுவரை ஒரு தடவையும் பிசகியதில்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை பறந்த பழைய வீட்டு வளவில்தான் அவளுக்குப் புது வீடு கட்டினேன். முன்கதவு முதிரை மரம். கலியாணத்துக்கு முந்திய வாரம் அதன் வெளிப்பக்கத்தில் ஒரு கொண்டி பொருத்தச் சொன்னேன். தச்சன் உள்ளேயா வெளியேயா என்று திருப்பிக் கேட்டான். அதிகம் கேட்கிற தச்சன்.

நிக்காஹ் அன்று பெண்ணின் சம்மதம் கேட்க வேண்டும் என்பது மார்க்கம். கேட்டேன். பெண்ணுக்காகப் பொறுப்பேற்கும் வலி நான்தான், சாட்சிகள் விறாந்தையில் நின்றார்கள், நான் மட்டும் அறைக்குள் போனேன்.

“வேணாம் வாப்பா,” என்றாள்.

“மறுகா கதைப்பம், மகள்.”

“மறுகா என்னத்த கதைக்கிற? இப்பயே சொல்றன். வேணாம்.”

வெளியே வந்து, பிள்ளைக்குச் சம்மதம் என்றேன். சாட்சிகள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். பதிவுப் புத்தகத்தில் நான் கையெழுத்து வைத்தேன். பெண்ணின் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையைப் புது வீட்டுக்கு அழைத்துவந்தோம். நதீரா உள்ளே நின்றாள். ஷரிபுதீன் நிலைப்படிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“அவ வாங்கண்டு சொல்லல்லியே, மாமா,” என்றார்.

நெல் குற்றுகிற மனிதர் அந்த நாவலை வாசித்திருக்க நியாயமில்லை. “இது நான் கட்டின வீடு. நான் சொல்றன், வாங்க,” என்று அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன். உள்ளேயிருந்து என் மகள் என்னைக் கூப்பிட்டாள். வந்திருந்த பெண்களை இன்னொரு தடவை குரவை போடச் சொன்னேன். நன்றாகவே போட்டார்கள். அவள் ஓயும்வரைக்கும் போட்டார்கள்.

கைருன்னிஸா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எல்லாம் நான் செய்ததுதான். புத்தகத்தைக்கூட நான் எரிக்கவில்லை, என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதிலே ஒரு பிழை உண்டு. உள்ளே வரவிடுவது வீட்டுக்குச் சொந்தக்காரன், பெண்ணல்ல. எழுதியவன் வெள்ளைக்காரனாக இருப்பான், அவனுக்கு எங்கள் முறை தெரியாது.

அவள் சம்மதித்தாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டீர்கள். கன்னியின் மௌனம் சம்மதம் என்று நீங்களே பள்ளிவாசலில் பயான் செய்திருக்கிறீர்கள். அன்று தொடக்கம் என் மகள் தாயோடும் பேசுவதில்லை, றாஹிலாவோடும் பேசுவதில்லை, என்னைக் கண்டால் உதடுகூட அசைவதில்லை. இதைவிட முழுமையான சம்மதத்தை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள், காதியார் அவர்களே?