உண்மையின் பாகம்

மதிப்புக்குரிய ஃபாதர்,

மண்டபத்து ஹீற்றரை முதலில் திருத்த வேண்டும். இந்தக் குளிரில் ஒருவருடைய குரலும் நிலைக்காது.

குடிவரவு ஒபீசுக்குப் போன் எடுத்தது ஆர் என்று ஞாயிறு கேட்டீர்கள். ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் பாடகர் குழு பழகுகிற அந்த இத்தாலி ஒறட்டோரியோ என்ற பாட்டு நாடகம், இருபத்திரண்டு வயதுப் பொடியன் ஒருவன் ரோமாபுரியில் இசையமைத்தது. அழகு, இன்பம், காலம், உண்மை என்று நாலு பேர் வேடமில்லாமல் நின்று பாடுவார்கள். உண்மை பாடப் பாட அழகின் மயக்கம் தெளியும். அழகுக்கு என் மாணவி அன்ரனெற், உண்மைக்கு நான் என்று மனதில் வைத்துத்தான் தமிழாக்கினேன். வோபர்னில் என் வீட்டுப் பேஸ்மென்றில் அவளுக்கு ஒவ்வொரு வரியாகப் பழக்கினேன்.

போன வருசம் ஒத்திகையில், எல்லாருக்கும் முன்னால், மெத்த மரியாதையாகச் சொன்னாள்: "குறை நினையாதேங்கோ மாஸ்டர். உங்கட சுருதி இறங்குது. அமிர்தநாதர் அங்கிள் பாடட்டும்."

"உண்மைக்கே சுருதி போயிட்டுதாம்" என்றார் கூடப் பாடும் பேபி அன்ரி. சிரித்தார்கள். நீங்களும் தலையாட்டினீர்கள்.

நான் கோபிக்கவில்லை. அமிர்தநாதரிடம் பாட்டுக் கொப்பியைக் கொடுத்து, மூச்செடுக்கும் இடங்களையும் காட்டினேன்.

மறுநாள் வேலை இடைவேளையில் குடிவரவுக்குப் போன் எடுத்தேன். அன்ரனெற்றின் அகதி விசாரணை முடிந்து, தீர்ப்பு மட்டும் வர இருந்தது. இங்கே வருமுன் இரண்டு வருசம் கொழும்பில் கரைச்சல் ஆபத்து இல்லாமல் இருந்தவள், விசாரணையில் அதை மறைத்தவள் என்று சொன்னேன். கொழும்பில் பாதுகாப்பாக இருக்கலாம் என்றால் இங்கே அகதியாக ஏற்கமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். நான் ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. பாட்டில் உண்மை செய்வதும் அதைத்தானே.

வழக்குத் தோற்றது. போன மாதம் அவளைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இறங்கின அன்றே ஆரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்களாம். எங்கே என்று தாய்க்கு இன்னும் தெரியாது. எனக்கும் கவலைதான். ஆனால் என்னிடம் பாடம் படித்த பிள்ளை என்னை அப்படிச் சபையில் தலைகுனிய விட்டிருக்கக்கூடாது.

அமிர்தநாதர் இனிப் பாடமாட்டாராம். அந்தப் பாகத்தை நானே எடுக்கிறேன். உயிர்ப்புத் திருநாளுக்கு முன் அழகுக்கு வேறொரு பிள்ளை பார்க்க வேண்டும்.

இன்னுமொன்று. கொழும்பில் இருந்ததைச் சொல்லாமல் விட்டு, விசாரணைக்கு அவளுடைய வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். அதே பேஸ்மென்றில் வைத்துத்தான் அவளைப் பாடமாக்க வைத்தேன். "உது பொய்யல்லோ மாஸ்டர்" என்று கேட்டவள். பேசாமல் படி என்றேன்.

போனில் ஒபீசர் அதை எழுதியது ஆர் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.