கிரவல் குழிப் பாதைக்கான கடிதம் ஒரு நாள் பிந்திய விதம்

பதிவு செய்யப்பட்ட இடம்: ஒஸ்லோ, நீதிமன்றக் கட்டடம், இரண்டாம் மாடி. திகதி: 09.02.2006, வியாழக்கிழமை. ஆரம்பித்த நேரம்: பகல் 12.20. சாட்சி தமிழில் சொன்னதை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டியவர்: மொழிபெயர்ப்பாளர் திருமதி யோசெப்பின்.

எனது முழுப்பெயர் தம்பிராசா யோகலிங்கம். வயது 48. பிறந்த இடம் திருகோணமலை. 1987 முதல் நோர்வேயில் வசிக்கிறேன். தற்போதைய முகவரி ட்வெய்ட்டாவில் உள்ள அடுக்குமாடி ஒன்றின் ஏழாம் மாடி. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். திருமணமானவன். மனைவியின் பெயர் சிவமலர். எனக்கு நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரியும். ஆனால் நான் இன்று சொல்ல வேண்டிய விடயத்தை அந்த மொழியில் இரண்டு முறை சொல்லிப் பார்த்து, இரண்டு முறையும் எதிரில் இருந்தவர்களுக்கு விளங்காதபடியால், தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன்.

நான் முன்பு எங்கள் ஜீப் கழகத்தின் சட்டத்தரணிக்குச் சொன்ன ஒரு விடயம் பொய். அந்தப் பொய்யினால் தபாலகத்தில் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது. அதைத் திருத்துவதற்காகவே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை.

இந்த நாட்டில் காட்டுக்குள்ளோ வெளிநிலத்திலோ மோட்டார் வாகனம் ஓட்டுவது சட்டப்படி தடை. அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் ஓட்டலாம். ஒஸ்லோவுக்குக் கிழக்கே, பக்கத்து நகரசபைக்குச் சொந்தமான பொது நிலத்தில், சரளைக்கல் தோண்டியெடுத்துக் கைவிடப்பட்ட ஒரு கிரவல் குழி இருக்கிறது. குழியைச் சுற்றியும் காட்டோரமாகவும் மூன்றரை கிலோமீற்றர் நீளமான மண்பாதையில் எங்கள் ஜீப் கழகத்துக்கு 1988 முதல் அனுமதி இருந்தது. கழகத்தில் முப்பத்துநான்கு பேர். தமிழன் நான் ஒருவன். ஐந்து வருடமாகச் செயலாளராக இருந்தேன். வாரம் முழுவதும் பேருந்துக்குக் கீழே மல்லாந்து கிடக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேறுதான் பெரிய ஆறுதல். அங்கே எவரும் என்னை எந்த நாடு என்று கேட்டதில்லை. எந்தக் கியரில் ஏறினாய் என்றுதான் கேட்பார்கள்.

2005 மே மாதம் 26ஆம் திகதி நகரசபையின் கடிதம் கிடைத்தது. குழியின் வடக்கு மூலையில் உள்ள குட்டையில் சாலமந்தர் என்னும் பல்லி போன்ற நீர்ப்பிராணி இருப்பதாலும், காட்டில் நடப்பவர்கள் சத்தம் பற்றி முறைப்பாடு செய்திருப்பதாலும் பாதை நிரந்தரமாக மூடப்படும் என்றும், மூன்று வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் அதில் இருந்தது. அந்தப் பிராணியின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு கோடைக்கு முன்னர் அந்தக் குட்டையைச் சுற்றி வேலி போட்டவர்களே நாங்கள்தான். வேலிக் கட்டைகளில் பாதியை என் தோளில் சுமந்தேன். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பின்னர் கழகத் தலைவர் ஹால்வாரும் நானும் பதினொரு பக்க மேன்முறையீட்டைத் தயாரித்தோம். வேலியின் படங்களும், பாதையைக் குட்டையிலிருந்து எண்பது மீற்றர் தள்ளிப் போடும் வரைபடமும் அதில் இருந்தன. வரைபடத்துக்காக அளந்த வேலை கடைசி வாரம்வரை இழுபட்டு, எல்லாம் முடிந்து கடிதம் உறையில் போனது ஜூன் 16ஆம் திகதி, வியாழக்கிழமை. அதுவே கடைசி நாள். அன்று பிற்பகல் 3.30க்கு ஹால்வார் பணிமனை வாசலுக்கு வந்து உறையை என் கையில் தந்தார். தான் அன்றே வடக்கே வேலைக்குப் போவதாகச் சொன்னார். "நீ ஒருநாளும் பிந்தாதவன். அதனால்தான் உன்னிடம் தருகிறேன்" என்றும் சொன்னார். இந்த வசனத்தை அவர் சொன்ன மாதிரியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் 3.55 அளவில் வீட்டுக்குப் போகும் வழியில் உள்ள தபாலகத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அது மாலை 5 மணிக்குப் பூட்டப்படும். என் காருக்கும் அதன் கதவுக்கும் இடையே நாற்பது அடி இருக்கும். இறங்குவதற்குக் கதவைத் திறந்த நேரம் மனைவி தொலைபேசியில் எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, கடிதம் போட்டிட்டீங்களே?" என்று கேட்டார்.

"இல்லை, இப்பத்தான் வந்தனான்" என்றேன்.

"அப்ப போடாதேங்கோ. ராகு காலம் துவங்கீட்டுது. ஆறு மணிக்குப் பிறகு போடுங்கோ."

"வியாழன் எண்டால் ஒண்டரையில இருந்து மூண்டு மணி மட்டும்தானே? அது முடிஞ்சுது."

"அது ஊர்க் கணக்கு. கோயில் கலண்டரில இஞ்சத்தைக் கணக்குப் போட்டிருக்கு. மூண்டு முப்பத்தொன்பதில இருந்து ஆறு மணி மட்டும். நேரம் பாக்காமப் போட்ட மூண்டு கடிதமும் என்ன மாதிரித் திரும்பி வந்தது எண்டு மறந்துபோனீங்களே?"

இராகு காலம் என்றால் என்ன என்று இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் அதிகாரி கேட்டதால் விளக்கம் சொல்கிறேன். சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள நேரத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை, நல்ல காரியம் தொடங்கக் கூடாத நேரமாக எங்களில் பலர் விலக்குவார்கள். எந்தப் பங்கு என்பது கிழமைக்குக் கிழமை மாறும். ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரம் என்பதால் அது ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். ஒஸ்லோவில் ஜூன் மாதம் சூரியன் பத்தேமுக்கால் மணிவரை படுக்கப் போவதில்லை என்பதால் இராகுவும் இரண்டு மணி இருபத்தொரு நிமிடம் கால் நீட்டி இருக்கிறார். அந்தக் கலண்டரைக் கணித்தவர் மகா துல்லியமானவர். தபாலகம் பூட்டும் நேரத்தையும் ஓரமாகப் போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

நான் இவற்றை நம்புகிறவன் அல்ல. ஆனால் முன்பு பாதையை நீட்டிக் கேட்டும் வேறு தேவைக்கும் போட்ட மூன்று கடிதங்களும் மறுப்போடு வந்தது உண்மை. இதுவும் மறுக்கப்பட்டால் மனைவியிடம் ஆயுள் முழுக்கப் பேச்சுக் கேட்க வேண்டிவரும் என்று நினைத்தேன். அத்துடன், தபாலகச் சுவரில் சிவப்புத் தபாற்பெட்டி இருக்கிறதே, ஆறு மணிக்குப் பிறகு அதில் போட்டாலும் இன்றைய கடிதம்தானே என்றும் நினைத்தேன். பெட்டியில் எழுதியிருந்த கடைசி எடுப்பு நேரத்தை இறங்கிப் பார்க்கவில்லை. இருபது வருடமாக மெசினுக்குக் கை வைக்க முன்னர் அதில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசிக்கிற மனிதன் நான். அன்று வாசிக்கவில்லை. இது என் பிழை, மனைவியின் பிழை அல்ல.

அதன் பின்னர் நான் காருக்குள் இருந்தேன். 4.59க்கு ஒரு வயதான நோர்வேஜியர் பொதி ஒன்றுடன் அவசரமாக வந்தார். உள்ளே இருந்த பெண் பிள்ளை பூட்ட வந்த கதவைத் திறந்து, அவரை உள்ளே எடுத்து, அலுவலை முடித்து, 5.06க்கு வெளியே விட்டு, அதற்குப் பிறகே பூட்டினார். கார் மணிக்கூட்டையும் கை மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை என்பதால் இந்த நேரங்களை உறுதியாகச் சொல்கிறேன்.

5.42க்கு வாகனத் தரிப்பு அதிகாரி வந்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் நிற்பதாகச் சொல்லித் தண்டச் சீட்டு எழுதினார். நான் காருக்குள்தான் இருக்கிறேன், இன்னும் பதினெட்டு நிமிடத்தில் போய்விடுவேன் என்று சொன்னேன். ஏன் சரியாகப் பதினெட்டு நிமிடம் என்று கேட்டார். நான் சீட்டை வாங்கிக்கொண்டேன். 6 மணி கடந்து இறங்கி, 6.04க்குக் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். போட்ட பிறகுதான் தகட்டை வாசித்தேன். கடைசி எடுப்பு 5.30 என்று இருந்தது. கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.

கடிதத்தில் 17ஆம் திகதி முத்திரை விழுந்தது. ஒரு நாள் பிந்தியது என்று நகரசபை அதை வாசிக்காமலே நிராகரித்தது. மேலிடமும் அதையே சொன்னது. ஆகஸ்டில் பாதையின் வாயிலில் நான்கு பெரிய பாறைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பதினொரு பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது எவரும் வாசிக்கவில்லை. பாதையை மூடியதைவிட இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

ஹால்வார் தொலைபேசியில் காரணம் கேட்டபோது, நான் ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்னர் போனேன், கதவை நேரத்தோடு பூட்டிவிட்டார்கள், உடனே பெட்டியில் போட்டேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அது ஒரு தொலைபேசிப் பேச்சோடு போய்விடும் என்று நினைத்தேன். கழகம் வழக்குப் போட்டபோது சட்டத்தரணி கேட்டதற்கும் அதையே சொன்னேன், அவர் அதை முதலாவது காரணமாக எழுதினார். தண்டச் சீட்டு என் கதைக்கு மாறாக இருந்ததால் அதைக் காரின் கால்மிதிக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

அதன் பின்னர் இந்த வருடம் ஜனவரி 24ஆம் திகதி குரோருட்டில் வசிக்கும் அருளானந்தன் என்பவர் மகளுடன் பணிமனைக்கு வந்தார். முன்பின் பழக்கம் இல்லாதவர். மகளைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. அன்று கதவைப் பூட்டிய பிள்ளை. பெயர் நிலூஜா, வயது 23. வழக்குக் கடிதத்தைப் பார்த்த தபாலக மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டு, பிள்ளையைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னால் பொதி தரம்பிரிக்க விட்டிருப்பதாகவும், மார்ச் மாதம் நிரந்தரமாக்கப்பட வேண்டிய வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும் அருளானந்தன் சொன்னார்.

"அண்ணை, சண்டைக்கு வரேல்லை. ஒண்டுதான் கேக்க வந்தனான். இவள் நேரத்துக்கு முதல் பூட்டினதை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

அப்போது நிலூஜா, "அப்பா, விடுங்கோ. அண்டைக்கு ஒரு வயசான ஆளை நான் பிந்தி எடுத்தனான். ஆனா அவரை இனி எங்கை போய்த் தேடுறது? வேற ஒருத்தரும் பாக்கேல்லை" என்றார்.

"நான் பாத்தனான், பிள்ளை" என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. உதவி செய்ததற்காகப் பாராட்ட வேண்டிய பிள்ளையை நான் மாட்டி விட்டிருந்தேன்.

அதன் பின்னர் பெப்ரவரி 3ஆம் திகதி சட்டத்தரணியிடம் உண்மையைச் சொல்லித் தண்டச் சீட்டையும் கொடுத்தேன். ஹால்வாரும் இருந்தார். இராகு காலம் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். ஹால்வார், "திறந்திருந்த கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா இருந்தாயா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை பேசவில்லை. செயலாளர் பதவியை விட்டு விலகிவிட்டேன்.

கடைசி நாள் நள்ளிரவுக்குள் தபாலில் சேர்த்ததை நிரூபித்தால் போதும் என்றும், முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தச் சீட்டே எங்களின் நல்ல சான்றாக இருந்திருக்கும் என்றும் சட்டத்தரணி சொன்னார். இப்போது பொய் சொன்னவனின் சான்றாகிவிட்டது. கடிதம் பெட்டியில் விழுந்ததற்கு இந்தச் சீட்டு சாட்சியா என்று இங்கே இருக்கும் நகரசபையின் சட்டத்தரணி கேட்டார். இல்லை, நான் அந்த இடத்தில் 5.42க்கு இருந்தேன் என்பதற்கு மட்டுமே சாட்சி. 6.04க்குச் சாட்சி என் வாய்தான். அதை நம்புவதும் விடுவதும் நீதிபதியின் பொறுப்பு. பாதை திறந்தாலும் திறக்காவிட்டாலும், நிலூஜா கதவைப் பூட்டியது 5.06க்கு என்பதை மட்டும் தனியாக எழுதி அவருடைய மேலாளருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதைத் திருமதி யோசெப்பின் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை, அனைத்தும் உண்மை. கையெழுத்திடும் நேரத்தையும் குறிக்க வேண்டும் என்று அதிகாரி சொன்னார். வெளியே வாங்கில் அமர்ந்திருக்கும் என் மனைவி, கோயில் கலண்டரின்படி இன்று 1.33 முதல் 2.37 வரை கூடாத நேரம் என்றும், அதன் பிறகு கையெழுத்து வைக்கும்படியும் காலையிலேயே சொல்லியிருந்தார். விரும்பினால் காத்திருக்கலாம் என்று அதிகாரியும் சொன்னார். வேண்டாம் என்றேன். இப்போது நேரம் பிற்பகல் 1.50.

(ஒப்பம்) த. யோகலிங்கம்