பால் வரிசை

பாலுக்கு வரிசையில் நிற்பது எனக்குப் பிடிக்கும், சார். வீட்டில் நான் ஒருத்திதான். அரை லிட்டர் வாங்கினாலே பாதி மீந்து தயிராகிவிடும். ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை. பக்கத்து வீட்டுத் தொழுவத்து வாசலில் காலை ஆறு மணிக்குப் பதினைந்து பேர் பாத்திரத்தோடு நிற்போம். பால்காரர் கறக்கக் கறக்க அளந்து ஊற்றுவார். மூன்று மாடும் கறந்து முடிய முக்கால் மணி நேரம் ஆகும். இந்தத் தெரு தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது அந்த முக்கால் மணி நேரத்தில்தான். எந்த வீட்டில் வரன் தட்டிப்போனது, தையல்காரர் ஏன் மச்சானோடு பேசுவதில்லை, எல்லாம் நான் சொல்லித்தான் வெளியே வரும். எனக்கு 'ரேடியோ அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியாதா என்ன.

அப்புறம் பால்காரர் வீட்டுக்கு மருமகள் வந்தாள். கெட்டிக்காரி, குறை சொல்ல முடியாது. நாலே மாதத்தில் கண்ணாடி பாட்டில் வாங்கினாள், ஸ்கூட்டரின் பின்னால் பெட்டி கட்டினாள். ஆறு மணிக்கெல்லாம் எல்லார் வாசலிலும் பால் இருந்தது.

"இனிமே நீங்க கால் கடுக்க நிக்க வேணாம், அத்தை" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லோரும் அவளை வாயாரப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன். மறுநாள் காலை பழக்க தோஷத்தில் பாத்திரத்தோடு போய் நின்றேன். மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. வேறு ஆள் இல்லை. ஆறு வாரத்துக்கு யாரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. தையல்காரரும் மச்சானும் சேர்ந்துகொண்ட விஷயமே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், எனக்கே.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அரளி வேலி இருந்தது. நான் நட்டதுதான். மாட்டுக்கு ஆகாத செடி. கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே இதயத்தை நிறுத்திவிடும் என்று பால்காரர் சொல்லியிருக்கிறார். அதனால் வேலியைக் கழிக்கிற நாளில் தன் பக்கம் சாக்கு விரித்து, விழுந்த இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். அந்த வேலையும் மருமகள் கைக்குப் போயிற்று. அன்று அவள் குனிந்து பொறுக்கியதை நான் சன்னலில் நின்று பார்த்தேன். ஒரு இலை விடவில்லை. அதற்கு நான் சாட்சி.

என் பக்கம் விழுந்ததை நானும் பொறுக்கினேன். கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி மாடியில் காயப்போட்டேன்.

மாட்டுக்குக் கொஞ்சம் உடம்புக்கு வரட்டும், நாலு பேர் வந்து விசாரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் செவலை மத்தியானத்துக்குள் போய்விட்டது. இருபத்திரண்டு பேர் வந்தார்கள், எண்ணினேன். அது கீழே விழுந்ததை முதலில் பார்த்தவள் நான் என்பதால் எல்லோரும் என்னிடம்தான் கேட்டார்கள். இரண்டு தடவை டீ போட்டேன்.

மாட்டு டாக்டர் வயிற்றை அறுத்துப் பார்த்து அரளி என்றார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கயாச்சும் விட்டுட்டேனா அத்தை? நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"சின்னப் பொண்ணு நீ. ஒண்ணு ரெண்டு விட்டிருப்ப. யாராவது வேணும்னு செய்வாங்களா?" என்றேன்.

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். பின்னால் நின்ற மாமியார் காதிலும் விழுந்தது. அந்த அம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை.

பால்காரர் அன்றைக்கே வேலியை வேரோடு பிடுங்கி எரித்தார். என்னைக் கேட்டுக்கொண்டுதான். கடப்பாரை எடுத்துக் கொடுத்ததே நான். ஒரு வாரம் தெருவில் அதே பேச்சு. அப்புறம் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்னிடம் முக்கால் சாக்கு மீதி இருந்தது.

அந்தப் பெண் பயந்துபோயிருந்தாள். பகல் முழுக்கத் தொழுவத்தைவிட்டு நகரவில்லை. பாவம், தனியாக இருக்கிறாளே என்று நானும் போய்த் துணைக்கு உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கருப்பிக்குக் கொடுத்தேன். தவிட்டோடு பிசைந்து கொண்டுபோயிருந்தேன். என் கையிலிருந்தே தின்றது. பத்து வருடப் பழக்கம், என்னை அதற்கு நன்றாகத் தெரியும். எட்டு மாதச் சினை அது.

கருப்பி வயிற்றிலும் அரளிதான் என்று டாக்டர் சொன்னபோது கூட்டம் தெருமுனை வரை நின்றது. பேச்சின் போக்கும் வேறு மாதிரி இருந்தது. செடியே இல்லாத இடத்தில் இலை எப்படி வந்தது? நியாயமான கேள்வி. தீனி வைக்கிறது யார்? அதுவும் நியாயமான கேள்வி. நான் கேட்கவில்லை, தையல்காரர் மனைவி கேட்டாள்.

"எனக்கெதுக்கும்மா ஊர் வம்பு" என்று மட்டும் நான் சொன்னேன். நான் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"சாணி நாத்தத்துல எத்தனை நாளைக்கு இருக்கிறதுன்னு கேட்டவதானே இவ" என்றாள் மாமியார். "மாடு ஒழிஞ்சா டவுனுக்குப் போயிடலாம்னு கணக்கு."

மருமகள் அதை ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னதுதான். மாமியாரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். சொன்னது உண்மைதானே?

புருஷன்காரன் அவளை அப்பா வீட்டில் விடப் பையைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தான், அவ்வளவுதான். அவள் அழவில்லை. ஏறி உட்காரும்போது மட்டும் தலையை நிமிர்த்தி என் மாடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கொடுத்த புகாரில்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்? கெட்டிக்காரி என்று முதலிலேயே சொன்னேனே.

வாசலில் நின்று எல்லோரையும் விசாரித்த மாதிரி என்னையும் நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கிளம்பத்தான் பார்த்தீர்கள். நான்தான் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். என்னால் பொறுக்க முடியவில்லை, சார். தெருவில் தப்புத் தப்பாகப் பேசுகிறார்கள். தண்ணீரில் கலந்தாள் என்கிறான் ஒருத்தன். அவள் அப்பா வீட்டிலிருந்து மருந்து வந்தது என்கிறாள் இன்னொருத்தி. காது கூசுகிறது. தெரியாத விஷயத்தைப் பேசக் கூடாது இல்லையா? மிச்சம் இருந்த வெள்ளச்சியையும் பால்காரர் பார்க்கச் சகிக்காமல் விற்றுவிட்டார். தொழுவத்துக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. அதன் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் வருவதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாட்டையும் கொன்றது நான். வயிற்றில் இருந்த கன்றையும் சேர்த்தால் மூன்று. சாக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, கத்தரிக்கோல் தையல் பெட்டியில். அந்தப் பெண்ணை விலக்கி வைக்கிற பத்திரத்தில் அவள் புருஷன் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறானாம். அதற்குள் நீங்கள் இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அவன் போட மாட்டான். அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. அவளுக்கு நல்லது செய்தது கடைசியில் நான்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் வந்து இறங்குகிற அன்றைக்குத் தெருவே அந்த வாசலில் திரண்டு நிற்கும். யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், மாடு எப்படி விழுந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்பார்கள். அந்த ஒரு காலை மட்டும் என்னை அங்கே நிற்க விடுங்கள். முக்கால் மணி நேரம் போதும். வேறு யார் சொன்னாலும் கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார்கள், சார்.