மழையில் தூங்கிய விதை

மணலையே விதைக்கச் சொல்லிவிட்டு இன்று கழுத்தில் மாலையோடு அமர்ந்திருக்கும் உழவர் சங்கத் தலைவர் அவர்களே, விதைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் பெரியோர்களே, வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்! இந்த உரையை நானே எழுத்துக்கூட்டி எழுதினேன். மெதுவாகத்தான் படிப்பேன், பொறுத்தருள வேண்டும்.

அறுவடைக் காலத்து மழை நமக்குச் செய்த கொடுமை கொஞ்சமா? கதிரிலே முளைத்தது! களத்திலே முளைத்தது! கட்டிவைத்த கட்டுக்குள்ளும் முளைத்தது! அதைத் தடுக்கத்தான், விதை ஆய்வகத்தில் வேலை செய்யும் என் மகள் இந்த நெல் ரகத்தை உருவாக்கினாள். விதையைத் தூங்க வைக்கும் மரபணு இதில் வலுவானது. மழை கொட்டியது, ஒரு மணிகூட முளைக்கவில்லை. துள்ளிக் குதித்தோம்!

ஆனால், பிறகு ஆய்வகத் தட்டில் விதைத்தபோதும் முளைக்கவில்லையே! தலைவர் என் மகளிடம் என்ன சொன்னார்?

"ஏம்மா, இதுக்கு மணலையே விதைச்சுட்டுப் போலாமே!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், தலைவரே சிரிக்கிறார். அன்று என் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சங்கம் கைவிட்டால் ரகமே குப்பைக்குத்தான்.

அந்த ரகத்தில், மழைக்குத் தப்பிய கதிர்க்கொத்து ஒன்றை என் மனைவி சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். கோடை முழுதும் அங்கேயே காய்ந்தது. பிறகு ஒருநாள் ஒட்டடை அடித்தாள். அடுத்த வாரம் ஜன்னலடிப் பூந்தொட்டியில் பச்சை!

"அம்மா, இது என்ன முளை?"

"உன் பெருமைக் கதிர்தாண்டி! ஒட்டடைக் கம்பு பட்டு உதிர்ந்துடுச்சு."

மகள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். "ஐயோ அப்பா! அந்த மரபணு போடற பூட்டு, விதை காய்ஞ்சு கிடக்கக் கிடக்கத் தானாத் தளரும். நாங்க பொக்கிஷம் மாதிரி ஃப்ரீசர்ல வச்சுட்டோம். விதையோட தூக்கமும் கெடாம இருந்திருக்கு!"

வெளியே எடுத்தார்கள், வெதுவெதுப்பில் உலர்த்தினார்கள், ஈரம் காட்டினார்கள். முதலில் வேர், வெள்ளை நூலாய் விரைந்து கீழே இறங்கியது. பிறகு தளிர் தலைநீட்டியது. தட்டு கொள்ளாத பச்சை! தலைவர் குனிந்து பார்த்தார்.

"மணல் நல்லா முளைச்சிருக்கும்மா" என்றார். என் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த விதைதான் இன்று உங்கள் மடியில்! அறுவடை தோறும் வானத்தைப் பார்த்துக் கண்விழித்தோமே, போதாதா? கதிரில் இருக்கும்வரை அது தூங்கும். காய்ந்து, காத்திருந்து, மண்ணில் விழுந்தால் விழிக்கும். இனி நாம் தூங்கலாம், ஐயா!

என் தடுமாற்றத்தைத் தாங்கிய அனைவருக்கும் நன்றி. வணக்கம்!