உடையாத கை

“சைலஸ், விடுடா... கை உடைஞ்சிடுச்சு.”

“நெசமாவா ஆமோஸ்?”

“அம்மா மேல சத்தியமா.”

இங்கிலாந்தில், விகன் நகர மைதானத்தில் ஊரே கத்திக்கொண்டிருந்தது. இந்தப் பேச்சு அவர்கள் இருவரைத் தவிர வேறு யார் காதிலும் விழவில்லை. சைலஸ் ரிக்பி பிடியை விட்டான். விட்ட நொடியில் ஆமோஸ் ஹிண்ட்லி புரண்டு அவனை மல்லாத்தினான். இரண்டு தோளும் மண்ணில் பட்டன. நடுவர் கையை உயர்த்தினார். உடம்பில் எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற அந்த மல்யுத்தத்தில், லங்காஷயர் சாம்பியன் பெல்ட் ஆமோஸின் இடுப்புக்கு வந்தது.

கை உடையவே இல்லை.

நெருங்கி உட்காருங்கள். இதோ, உங்களோடு உட்கார்ந்து கதை கேட்கும் நம் ஆல்பர்ட்டின் பெரியப்பாதான் அந்த ஆமோஸ்.

இருவரும் ஒரே சுரங்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் கரி வெட்டுகிறவர்கள். சைலஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. “என்ன சைலஸ், கடைசியில தூங்கிட்டியா?” என்று மற்றவர்கள் சீண்டினால் சிரித்துக்கொண்டான். ஆமோஸின் முகத்தைப் பார்க்காமல் சிரித்தான்... அதைத்தான் ஆமோஸால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது வாரம். சுரங்கத்துக்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆமோஸ்... கை உடைஞ்சிடுச்சு. வாடா.”

ஆமோஸுக்குக் காது சூடானது. இத்தனை நாள் மனசில் வைத்திருந்து இப்போது குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தான். திரும்பவில்லை. இன்னும் ஓங்கி வெட்டினான்.

“நெசமாத்தான்டா...”

அப்புறம் சைலஸ் இருந்த பக்கம் கூரை மொத்தமாக இறங்கியது. தோண்டி எடுத்தபோது சைலஸுக்கு உயிர் இல்லை; வலது கை ஒரு பாறைக்கடியில் நசுங்கியிருந்தது. கூரை இறங்குவதற்கு முன்பே, முதலில் விழுந்த பாறை அது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம்.

காலை நாலே முக்கால். சுரங்கத்துக்குப் போகிற கால்வாய்க் கரைப் பாதை. ஆமோஸின் மரக்காலணி டக்... டக்... என்று போகும். பின்னால் இன்னொன்று. சப்... சப்... ஈரமான காலுறையோடு யாரோ நடக்கிற சத்தம். மல்யுத்தக் களத்தில்தான் காலணியில்லாமல் அப்படி நடப்பார்கள். கூடவே டர்பன்டைன் தைல வாசனை, போட்டிக்கு முன் தோளில் தேய்ப்பது. ஆமோஸ் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது.

வீட்டில் மனைவி ஹெஸ்டர் ஒருநாள் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டே, “சாம்பியன் தொரை, டீ ஆறுது” என்றாள்.

“அப்படிக் கூப்பிடாதேடி.”

“ஏன், கிரீடம் கனக்குதோ?”

ஆமோஸ் உடைந்துபோனான். எல்லாவற்றையும் சொன்னான். ஹெஸ்டரின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“சாகப்போறவன் கூப்பிட்டிருக்கான்... நீ திரும்பிக்கூடப் பாக்கலையா?”

“வெக்கமா இருந்துச்சு ஹெஸ்டர். அவன் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சு.”

மறுநாள் காலை அவனைத் தனியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் பின்னால் போய், பாலத்தின் மேல் நின்றாள். அவள் சொல்லித்தான் மிச்சம் தெரியும்.

கீழே ஆமோஸ் நின்றான். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தான். உறைந்த கரித்தூள் மீது காலுறையோடு, வந்த வழியைப் பார்த்துத் திரும்பினான். முட்டியை மடக்கி, கைகளை விரித்தான். நடுவர் ‘தொடங்கு’ என்பதற்கு முன்னால் நிற்பார்களே... அப்படி.

பாதையில் வேறு யாரும் இல்லை. தைல வாசனை பாலம் வரை ஏறி வந்தது.

திடீரென்று அவன் பிடரி குனிந்தது. யாரோ ஒரே ஒரு கையால் அழுத்துகிற மாதிரி. சட்டைக் காலரில் ஐந்து விரல் அளவுக்குப் பள்ளம் விழுந்ததை ஹெஸ்டர் பார்த்தாள். அழுத்தம் கூடக்கூட அவன் முழங்கால் தரையைத் தொட்டது.

அவன் திமிறவில்லை. மூச்சு அடைக்க, குரல் மட்டும் வந்தது.

“சைலஸ்... இந்தத் தடவை நான் என்ன சொன்னாலும் விட்டுடாதேடா.”